சக்கரத்தில் இருந்த கை

ஜிந்து ராமுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது, அதற்கு மனசு வந்தால் கேட்கும். முப்பத்தைந்து வருஷம் துப்பாக்கி பிடித்ததில் போன காது. துப்பாக்கி என்றதும் எல்லையில் பனியில் நின்றவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் பிடித்தது இரும்பின் மேல் உலோகத்தைத் தூவுகிற துப்பாக்கி. பட்டாளத்தில் காது போனால் பதக்கமாவது கிடைத்திருக்கும். இவருக்கு வருஷத்துக்கு ஒரு டப்பா பஞ்சு கொடுத்தார்கள். அதையும் காது போன பிறகுதான் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

காது போனவர் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டார். இது வீட்டில் ரொம்பச் சௌகரியமாக இருந்தது. கேட்க வேண்டாம் என்று தோன்றினால் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். மனைவி ரூப்தாசி எவ்வளவு பெரிய வழக்கைக் கொண்டுவந்தாலும் அங்கேயே தள்ளுபடி. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. சுற்றிக்கொண்டு வந்து முகத்துக்கு முன்னால் நின்று சொல்வாள்.

முதல் துப்பாக்கியைப் பத்தொன்பது வயதில் லூதியானாவில் பிடித்தார். கம்பியை நெருப்பில் உருக்கி, காற்றால் அடித்து, தேய்ந்துபோன மோட்டார் தண்டுகளின் மேல் தூவும் வேலை. இளைத்த தண்டு அரைமணியில் சதை பிடித்து எழுந்து நிற்கும். கடைசல் மிஷினில் விட்டு அளவுக்குச் சீவினால் புதுசு மாதிரி ஓடும். பிறகு பாலங்களுக்குப் போனார். துரு பிடிக்காமலிருக்க உத்தரங்களுக்குத் துத்தநாகம் பூசும் வேலை. வெயிலில் கயிற்றில் தொங்கியபடி ஒரு பாலம் முழுவதற்கும் சாம்பல் நிறச் சட்டை மாட்டினார். அதற்கப்புறம் நிலக்கரி மின்நிலையங்கள். கொதிகலனுக்குள்ளே இறங்கி, சாம்பல் அரித்த குழாய்களுக்கு மின்பொறியில் இரண்டு கம்பிகளை உருக்கி அடிக்கிற துப்பாக்கி. கொதிகலனுக்குள் இரண்டு வாரம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தால், ரூப்தாசி அவரை வாசற்படிக்கு வெளியிலேயே நிறுத்தி இரண்டு வாளி வெந்நீர் ஊற்றின பிறகுதான் இது யார் என்று பார்ப்பாள்.

கடைசியாகத்தான் சொந்த மலைக்குத் திரும்பினார். ஆறு சட்லஜ். நீர்மின் நிலையத்தின் பெயர் வேண்டாம். பள்ளத்தாக்கில் வரிசையாக நிற்கின்றன, எது உங்களுக்குப் பிடிக்கவில்லையோ அது என்று வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் சட்லஜ் தண்ணீராக வராது, மணலாக வரும். மலையை அரைத்துக்கொண்டு வருகிற அந்த மணல், சுரங்கத்துக்குள் போய் மோதிச் மின்சாரம் எடுக்கிற சக்கரத்தைச் சுழற்றும்போது, சக்கரத்தையும் அரைத்துவிடும். இதழ் இதழாகத் தகடு விரிந்த ஆறு டன் எஃகுச் சக்கரம் ஒரே மழைக்காலத்தில் எலி கடித்த ரொட்டி மாதிரி வெளியே வரும். அதற்காகத்தான் நிலையத்தோடு ஒரு பட்டறை கட்டி, நான்காவது துப்பாக்கியை வாங்கி வைத்தார்கள். மண்ணெண்ணெயும் ஆக்சிஜனும் குடிக்கிற துப்பாக்கி. உள்ளே போடுகிற பவுடரை, சத்தத்தையே முந்திக்கொண்டு போகிற வேகத்தில் சக்கரத்தின் மேல் அறையும். நாலு தாள் கனம்தான் ஏறும். அந்த நாலு தாளைக் கடித்துத் தீர்க்க மணலுக்கு ஐந்து மழைக்காலம் ஆகும்.

ஆகும் என்பது காகிதக் கணக்கு. அந்தக் கணக்கு நிற்பதும் விழுவதும் துப்பாக்கியில் இல்லை, அதற்கு முன்னால் நடக்கிற வேலையில் இருக்கிறது. பவுடர் ஏறுவதற்கு முன் சக்கரத்தின் மேல் கூரான உலோகக் குருணையைக் காற்றில் வீசி அடிக்க வேண்டும். எஃகு பளபளப்பெல்லாம் போய்ச் சொரசொரவென்று, சாம்பல் நிறத்தில், சுத்தமாக ஆகும். நாலு மணி நேர வேலை. முடிந்த இரண்டு மணிக்குள் பவுடர் ஏற ஆரம்பிக்க வேண்டும். அதுவரை அதன் மேல் தூசி படக் கூடாது, எண்ணெய் படக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக மனிதன் கை படக் கூடாது. கையில் இருக்கிற வியர்வையும் எண்ணெய்ப்பசையும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் பவுடர் பிடிக்காது, பிடித்த மாதிரி நடிக்கும். பட்டுவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து நாலு மணி நேரம் அடி.

இது ஒன்றுதான் ஜிந்து ராமின் வேதம். மற்றபடி அவர் யாருக்கும் உபதேசம் செய்தவரில்லை.

குருணை அடிக்கிறவன் கேஹர் சிங். ரூப்தாசியின் தம்பி. ஜிந்து ராம்தான் சொல்லிச் சேர்த்துவிட்டார். அவனுக்கு வலது கை மோதிரவிரல் பாதிதான் இருக்கும். மாட்டுக்குத் தீவனம் வெட்டுகிற மிஷின் பன்னிரண்டு வயதில் எடுத்துக்கொண்டது. "மீதி விரலை மாடு தின்னுடுச்சு, அப்புறம் ஒரு வாரம் நல்லாப் பால் குடுத்துச்சு" என்று பெண் பார்க்கப் போன இடத்திலேயே சொன்னவன். அதைக் கேட்டுச் சிரித்ததால்தான் கிருஷ்ணி அவனைக் கட்டிக்கொண்டாள் என்று ஊரில் பேச்சு.

"கையத் தூக்கிட்டு நில்லுடா, போலீஸ்கிட்ட நிக்கிற மாதிரி" என்பார் ஜிந்து ராம், குருணை அடித்து முடித்த சக்கரத்தின் பக்கத்தில் அவன் போனாலே.

"மச்சான், எங்க அக்காவத் தொட்டதுக்கு இவ்ளோ சட்டம் பேசினீங்களா? இரும்புக்குப் பேசறீங்களே."

"உங்க அக்காவச் சுரங்கத்துக்குள்ள விட்டா அஞ்சு மழை தாங்குவாளாடா?"

"அவ ஆத்தையே திருப்பி அனுப்பிடுவா."

இப்படியே பதினொரு வருஷம் ஓடியது.

நாலு குளிர்காலத்துக்கு முன்னால் மேல் மலை ஊர்களின் தெய்வமான தேவதா பல்லக்கில் பட்டறைக்கு எழுந்தருளியது. மேலே மூன்று ஊர்களில் ஊற்று வற்றிப்போயிருந்தது. சுரங்கம்தான் குடித்தது என்று ஊர் சொன்னது, இல்லை என்று நிலையம் சொன்னது. சரி, தேவதாவே வந்து பார்க்கட்டும் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டார்கள். நிலையத்துக்கு இதில் ஒரு லாபம் இருந்தது. தேவதா வழக்குப் போடாது.

தேவதாவின் பல்லக்கு வருகிற இடத்தில் தோல் கூடாது. செருப்பு, பெல்ட், பர்ஸ் எல்லாம் கேட்டிலேயே கழற்றிவைக்க வேண்டும். காவல்காரர்கள் முதலில் எல்லோருடைய பெல்ட்டையும் வாங்கினார்கள், பிறகு தங்களுடையதையும் கழற்றினார்கள். பட்டறையின் பொறியாளர் தக்ரால் சாப் சமவெளிக்காரர், அந்தச் சமயம்தான் உடம்பு இளைத்திருந்தார். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிரசாதம் வாங்கினார். நிலையத்தின் சார்பில் இரு கரம் கூப்ப முடியாமல் போனது அவர் ஒருவருக்குத்தான்.

சக்கரம் குருணை அடித்துத் தயாராக நின்றது. கேஹர் பத்து மணிக்கு முடித்திருந்தான். பதினோரு மணிக்குக் கொம்பும் முரசும் முழங்கப் பல்லக்கு உள்ளே வந்தது. முன்னால் சாமியாடி ஆடிக்கொண்டே வந்து, சக்கரத்துக்கு எதிரில் நின்றுவிட்டார்.

"இதச் சுத்தம் பண்ணினவன் யாரு?"

கேஹர் முன்னால் வந்தான்.

"தொட்டுச் சொல்லு. இதால ஆத்துக்கு நோவு வராதுன்னு தொட்டுச் சொல்லு."

கேஹரின் இரண்டு கையிலும் முழங்கை வரை தோல் உறை. குருணை அடிக்கிறவன் அதைக் கழற்றவே மாட்டான். ஆனால் தேவதாவுக்கு முன்னால் தோலைப் போட்டுக்கொண்டு சத்தியம் செய்ய முடியாது. எந்த மலைக்காரனும் செய்ய மாட்டான். வலது கை உறையை உருவினான். உள்ளங்கையைச் சக்கரத்தின் ஒரு இதழில் அழுத்தி வைத்தான். எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. தேவதாவுக்குச் சம்மதம்.

ஜிந்து ராம் நாலடி தள்ளி நின்றிருந்தார்.

முரசு அலறிக்கொண்டிருந்தது. கேஹர் அவர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டான். அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழுந்திருக்காது. ஆனால் உதட்டைப் படிக்கிறவருக்கு முரசு ஒரு பொருட்டா?

"மச்சான், திரும்ப அடிக்கணுமா?"

திரும்ப அடித்து முடிக்க மத்தியானம் மூன்று மணி ஆகிவிடும். அதற்கப்புறம் பவுடர் ஏற்றி முடிக்க ராத்திரி எட்டு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பல்லக்கு மலையேறும்போது முன் தண்டு ஜிந்து ராமின் தோளுக்கு வர வேண்டிய முறை. அந்த முறை பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அவருடைய குடும்பத்துக்கு வரும். போன தடவை அவர் ஏதோ ஒரு கொதிகலனுக்குள் இருந்தார், அண்ணன் சுமந்தார். அடுத்த தடவைக்கு அவருக்கு வயது அறுபத்திரண்டு ஆகிவிடும்.

ஜிந்து ராம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கேஹர் அதை, வேண்டாம் என்று எடுத்துக்கொண்டான். வேறு எப்படி எடுத்துக்கொள்வான்? பதினொரு வருஷமாகச் சட்டம் பேசினவர் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறார்.

நாலு மணிக்குள் துப்பாக்கி வேலையை முடித்துவிட்டுப் புதுத் தொப்பி வைத்துக்கொண்டு ஜிந்து ராம் பல்லக்கைச் சுமந்தார். பாரம் தெரியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஆவணி மாதம், கேஹர் கல்பா ஊருக்குப் போகிற பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். வளைவில் மலை இறங்கியது. பஸ்ஸோடு ஆற்றுக்குள் போய்விட்டார்கள். பதினாறு பேரில் பதினைந்து பேரை எடுத்தார்கள். கேஹரை எடுக்க முடியவில்லை. பதினாலு நாள் பார்த்துவிட்டுத் தர்ப்பைப் புல்லில் ஒரு ஆள் செய்து, வேட்டி கட்டி, அதை எரித்தார்கள். புல் பொம்மைக்கு விரல் வைக்கிறபோது ரூப்தாசி குறுக்கே வந்து, வலது கையில் ஒரு விரலைப் பாதியாக ஒடித்துவிட்டுப் போனாள். அது ஒன்றுதான் அவள் அன்று செய்தது. அழவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷமாக ஆற்றுப் பக்கத்துச் சன்னலைத் திறக்கவும் இல்லை.

கிருஷ்ணிக்கு, வேலையில் இருக்கும்போது இறந்தவரின் மனைவி என்ற முறையில் ஸ்டோரில் ஒரு வேலை கிடைக்க வேண்டும். கிடைக்கும் என்றார்கள். கோப்பு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு ஆமை வேகத்தில் நகர்ந்தது. இந்த வருஷம் தை மாதம் கடைசி மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தது.

அதே தை மாதம்தான் அந்தச் சக்கரமும் திரும்பி வந்தது. முதல் வருஷம் மாற்றுச் சக்கரமாகக் கிடங்கில் இருந்தது போக, ஐந்து மழை தாங்க வேண்டியது. மூன்றிலேயே ஆட ஆரம்பித்துவிட்டது என்று இறக்கிவிட்டார்கள். கிரேன் ஓட்டுகிற பேலி ராம் அதைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டு, மேலே தன் கூண்டிலிருந்தே கத்தினான்.

"யாரோ ஆசீர்வாதம் பண்ணியிருக்காங்கப்பா, வந்து பாருங்க."

மற்ற இதழ்களெல்லாம் நன்றாகவே இருந்தன. ஒரே ஒரு இதழில் மட்டும் பூச்சு உரிந்து, உள்ளே எஃகு அரித்துக் குழிந்திருந்தது. குழி ஒரு கையின் வடிவத்தில் இருந்தது. உள்ளங்கை, கட்டைவிரல், மற்ற விரல்கள். ஓரங்கள் கொஞ்சம் கரைந்திருந்தாலும் கை கைதான். பட்டறையில் எல்லோரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பேலி ராமும் கூண்டிலிருந்து இறங்கி வந்தான். அவன்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினான்.

மோதிரவிரல் பாதிதான் இருந்தது.

பேலி ராம் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ஜிந்து ராம் பக்கத்தில் போய், தன் கையை அதன் மேல் வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கேட்டில் கைபேசியைத் திரும்ப வாங்கினதும் ரூப்தாசியைக் கூப்பிட்டார். நிலையத்துக்குள் கைபேசி எடுத்துப்போகக் கூடாது, கேட்டில் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அதனால் படம் எதுவும் எடுக்க முடியவில்லை. ரூப்தாசி அப்போது மேல் ஊரில் கிருஷ்ணியோடு இருந்தாள், ஆப்பிள் மரங்களுக்குக் கவாத்து. படம் தெரிகிற அழைப்பில்தான் இருவரும் பேசுவார்கள், உதடு தெரிய வேண்டுமே. விஷயத்தைச் சொன்னார். அவள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"பாதி விரல் தெரியுதா?"

"தெரியுது."

"நான் வர்றேன். ரோட்டுல பனி கிடக்கு, ரெண்டு நாள்ல எடுத்துடுவாங்களாம். அதுவரைக்கும் யாரும் அதத் தொடக் கூடாது. சொல்லுங்க."

"தொட மாட்டாங்க."

"நீங்க?"

"நானும்தான்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொன்னார்.

மறுநாள் காலையில் தக்ரால் சாப் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, முகத்தைக் காட்டி, நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஜிந்து ராமிடம் அப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்த ஒரே அதிகாரி.

"ஜிந்து ஜி, மூணு பேர் கொண்ட குழு நாளைக்கு வருது. ஏன் மூணு மழையில போச்சுன்னு அவங்க காரணம் எழுதணும். அந்தக் கையைப் பார்த்தா காரணம் தேட வேண்டிய வேலையே இல்ல. ஊழியர் கவனக்குறைவு. எந்த ஊழியர்னும் கேக்க வேண்டியதில்ல, விரல் சொல்லிடும்."

"என் பேர எழுதுங்க, சாப்."

"உங்க பேரா?"

"நான் பாத்தேன். அவன் தொட்டதப் பாத்தேன். திரும்ப அடிக்கணுமான்னு கேட்டான். பதில் சொல்லல. பாத்துட்டேதான் பவுடர் அடிச்சேன்."

நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாத வார்த்தை. சொன்னால் கூரை இடிந்துவிடும் என்று நினைத்திருந்தார். தக்ரால் பேனாவை மூடிவைத்தார், அவ்வளவுதான் நடந்தது.

"உங்க பேர எழுதினா, எதைப் பார்த்தீங்கன்னு கேப்பாங்க. கேஹர் தொட்டதப் பார்த்தேன்னு சொல்லுவீங்க. அப்ப அவர் பேரும் வந்துடும். துப்பாக்கி பிடிக்கிற உங்க அனுமதி அட்டையைப் பிடுங்குவாங்க, அது ஒரு பக்கம். கிருஷ்ணியோட கோப்பு கடைசி மேஜையில இருக்கு. அந்த மேஜைக்காரர் இந்தக் குழுவுல ஒருத்தர்."

ஜிந்து ராம் மூடிவைத்த பேனாவைப் பார்த்தார்.

"அந்த இதழ எப்படியும் தேய்ச்சு, வெல்டு வெச்சுத்தான் ஆகணும். அத இன்னிக்கே தேய்ச்சுட்டா, குழு வர்றப்போ பழுதுபார்க்கத் தேய்ச்ச இதழ்தான் இருக்கும். காரணம் மணல்னு எழுதுவாங்க. மணல் மறுப்புச் சொல்லாது."

"ரெண்டு நாள் பொறுக்க முடியாதா, சாப்? அவன் அக்கா வர்றா. பாக்கணும்னு சொல்றா."

"குழு நாளைக்கு வருது."

தக்ரால் இதைக் கிருஷ்ணிக்காகச் சொன்னாரா, அன்றைக்குக் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு தானும் அதே இடத்தில் நின்றதை யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னாரா என்பது அவருக்கே தெரிந்திருக்காது. கண்ணில் தண்ணீர் நின்றது உண்மை. அதற்கும் ஒரு படிவம் இருந்தால் இரண்டு காரணத்தையும் எழுதியிருப்பார்.

"யாரத் தேய்க்கச் சொல்லட்டும்?" என்றார்.

"வேற யாரும் வேண்டாம்."

பேலி ராம் ஒரு யோசனை சொன்னான். பழுப்புத் தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு வருமே, அக்காவுக்கு அதையாவது கொடுக்கலாமே என்று. இரண்டு பேரும் சேர்ந்து செய்து பார்த்தார்கள். இதழ் வளைந்த இதழ், சுற்றிலும் மணல் கீறிய கோடுகள். தாளில் வந்தது கை இல்லை, முட்டைக்கோஸ். இன்னொரு தாளில் பார்த்தார்கள். அதுவும் முட்டைக்கோஸ். பேலி ராம் இரண்டையும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். எதற்கு என்று ஜிந்து ராம் கேட்கவில்லை.

ஜிந்து ராம் தேய்ப்பு மிஷினைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் ஆரம்பித்தார். எஃகுப் பொறி பறந்தது. கட்டைவிரல் போயிற்று, சுட்டுவிரல் போயிற்று. பாதி விரல் மற்றவற்றைவிட ஆழம் குறைவு. அதற்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. அரைமணியில் இதழ் கண்ணாடி மாதிரி ஆனது. அதில் அவருடைய முகம் வளைந்து தெரிந்தது.

மறுநாள் குழு வந்தது. ராஜ்மாவும் சோறும் சாப்பிட்டது, ஆவியில் வெந்த ரொட்டியை நெய்யில் முக்கிச் சாப்பிட்டது, சமவெளியில் இது கிடைக்காது என்றது. சக்கரத்தை இரண்டு தரம் சுற்றி வந்தது. ஆற்று மணல் என்று எழுதியது. கடைசி மேஜைக்காரர் போகும்போது ஜிந்து ராமின் கையைப் பிடித்துக் குலுக்கி, "மத்த இதழெல்லாம் பிரமாதமா நிக்குது, உங்க கையாமே" என்றார்.

ரூப்தாசி அன்று சாயங்காலம் கைபேசியில் கூப்பிட்டாள். "ரோடு தெறந்துட்டாங்க. நாளைக்கு வர்றேன். அது இருக்கில்ல?" என்றாள். உதடு தெளிவாகத் தெரிந்தது. "படம் நிக்குது, ஒண்ணும் புரியல" என்று சொல்லிவிட்டு ஜிந்து ராம் அணைத்துவிட்டார்.

மறுநாள் அவள் கேட்டில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தபோது மணி பதினொன்று. வெல்டு வைத்துச் சமன்செய்த சக்கரத்துக்கு ஜிந்து ராம் தன் கையாலேயே குருணை அடித்து அப்போதுதான் முடித்திருந்தார். நாலு மணி நேர வேலை. கேஹருக்குப் பிறகு வந்த ஆள் நன்றாகத்தான் அடிப்பான். இந்த ஒன்றை மட்டும் அவனிடம் கொடுக்கவில்லை. சக்கரம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக நின்றது.

ரூப்தாசி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். குளிரில் தரை பனிக்கட்டியாக இருந்தது. யாரும் கழற்றச் சொல்லவில்லை.

"எங்க?"

ஜிந்து ராம் கையை நீட்டிக் காட்டினார்.

அவள் குனிந்து பார்த்தாள். மற்ற இதழ்களையும் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே வந்தாள்.

"இங்க ஒண்ணும் இல்லையே."

"எடுத்துட்டேன்."

"யாரு எடுத்தா?"

"நான்தான். முந்தாநாள்."

சுற்றிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு முன்னால் நின்றாள். அவர் திருப்பிக்கொள்ளவில்லை. குழு, கோப்பு, கிருஷ்ணி, கடைசி மேஜை எல்லாவற்றையும் சொன்னார். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். பேலி ராம் கிரேன் கூண்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

"கிருஷ்ணியக் கேட்டீங்களா?"

"இல்ல."

"என்னக் கேட்டீங்களா? நேத்துக் கூப்பிட்டேனே, படம் நிக்குதுன்னீங்களே."

"நிக்கல."

அவள் தலையை ஆட்டினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, ரொம்ப நாளாகக் கையில் வைத்திருந்த ஒன்றைக் கீழே வைப்பது போலக் கேட்டாள்.

"அன்னிக்கு அவன் தொட்டப்ப நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். திரும்ப அடிக்கணுமான்னும் கேட்டான்."

"தெனமும் அவனத் திட்டுவீங்களே. அன்னிக்கு ஏன் திட்டல?"

"நாலு மணி நேரம் ஆகும்னு. அன்னிக்குச் சாயங்காலம் பல்லக்கு."

ரூப்தாசி அவருடைய தோளைப் பார்த்தாள். பல்லக்குத் தண்டு இருந்த வலது தோள். அன்று அதற்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள் அவள்தான். திரும்பிச் சக்கரத்தைப் பார்த்து நின்றாள். அப்படியே, திரும்பாமலே ஏதோ கேட்டாள். அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தார்.

"தொடலாமான்னு கேட்டேன்."

ஆயிரம் தடவைக்குக் குறையாமல் இதைப் பற்றி அவர் அவளிடம் வாழ்நாளில் பேசியிருப்பார். தூசி படக் கூடாது, எண்ணெய் படக் கூடாது, கை படக் கூடாது. அவளுக்கு அது மனப்பாடம்.

"தொடு."

"கெட்டுப்போகும்னு சொல்வீங்க."

"கெட்டுத்தான் போகும். திரும்ப அடிச்சுக்கலாம்."

ரூப்தாசி வலது கையை நீட்டினாள். மோதிரவிரலைப் பாதிக்கு மடக்கிக்கொண்டாள். மரம் வெட்டிக் காய்ப்பேறின கை. அவர் காட்டிய இடத்தில் அழுத்தி வைத்தாள். அவளுடைய தோள் குலுங்குவதை ஜிந்து ராம் பார்த்தார். சத்தம் வந்ததா என்று அவருக்குத் தெரியாது. பேலி ராம் கூண்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தால், வந்திருக்க வேண்டும்.

அவள் எப்போது எடுத்தாள் என்று யாரும் மணி பார்க்கவில்லை. எடுத்தபோது கையை நெற்றியில் ஒற்றிக்கொள்ளவில்லை. சக்கரத்தின் மேல் ஒன்றுமே தெரியவில்லை. கை பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது.

ஜிந்து ராம் தோல் உறைகளை எடுத்து முழங்கை வரை மாட்டிக்கொண்டார். முகமூடியைத் தலைக்கு மேலே தள்ளி வைத்துவிட்டுக் காற்று மிஷினை ஓடவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு தக்ரால் சாப் அறையிலிருந்து ஓடி வந்தார். கடிகாரத்தைக் காட்டினார். பவுடர் ஏற வேண்டிய நேரம், இது எதற்கு என்று கேட்டார்.

"இன்னும் நாலு மணி நேரம் ஆகும், சாப்" என்றார் ஜிந்து ராம். "கை பட்டிருக்கு."

தக்ரால் மேற்கொண்டு ஏதோ சொன்னார். ஜிந்து ராம் அவருடைய உதட்டைப் பார்க்கவில்லை.